ஆஸும் ரெண்டும் வந்தால்

சீட்டாட்டத்தில் கிறிகோரிக்கு ஒரே ஒரு கொள்கைதான் இருந்தது. நல்ல சீட்டு கையில் விழுந்தால் அதை உடனே சபைக்குத் தெரியப்படுத்திவிட வேண்டும். ஊரில், பேசாலையில் முன்னூற்றிநாலு விளையாடிய காலத்திலிருந்தே அவன் அப்படித்தான். சீட்டை முழுதாக விரித்துப் பார்ப்பதற்கு முன்பே கேள்வியை உயர்த்திவிடுவான். இத்தாலியில் பலேர்மோவுக்கு வந்து இருபத்துநாலு வருடமாகிறது. ஞாயிறு பூசை முடிந்து ஜோக்கிம் வீட்டில் முன்னூற்றிநாலு போடும்போதும் அதே வேகம்தான். அவனோடு சோடி சேர்பவர்கள் அன்று இரண்டாவது பூசையும் காண்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

ஆகவே ஒருநாள் அவன் மனைவி புனிதமலர் வேலையால் வந்து, "இஞ்சேருங்கோ, எங்கடை சிஞ்ஞோரா வீட்டிலை புதன்கிழமைச் சீட்டுக்கு ஒராள் குறையுதாம். உங்களைக் கேட்டுப் பாக்கச் சொன்னவ" என்றபோது, அவனுக்கு அது ஆச்சரியமாகவே படவில்லை. தன் புகழ் எப்படியோ பணக்காரர் இருக்கிற பொலிதேயாமாப் பக்கம் வரைக்கும் போய்விட்டது என்றே நினைத்தான்.

"ஆர் ஆர் விளையாடுகினம்?"

"நாலு கிழவியள்."

"நாலு கிழவியளோ?" கிறிகோரி சிரித்தான். "பாவமெல்லே மலர். சரி, வாறன் எண்டு சொல்லு."

கிறிகோரிக்குக் கபோ சந்தையில் மீன் கடை வேலை. விடியப் போனால் ஒரு மணிக்கு முடிந்துவிடும். புதன்கிழமை குளித்து, எலுமிச்சம்பழத்தால் கையைத் தேய்த்து மீன் வாடையைப் போக்கி, பூசைக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு புறப்பட்டான். பொலிதேயாமாவுக்குப் பின்னால் ஒரு பழைய மாளிகையின் நாலாம் மாடி. லிப்ட் இல்லை.

வீட்டுக்காரி சிஞ்ஞோரா நினெத்தாவுக்கு எண்பத்தொரு வயது. புனிதமலர் ஏழு வருடமாக அவருக்குச் சமைத்து, மருந்து கொடுத்து, துணி தோய்த்து வருகிறாள். நினெத்தா அந்தக் காலத்தில் உல்லாசப் பயணக் கப்பலில் முப்பது வருடம் தலைமுடி அலங்காரம் செய்தவர். இந்த ஆட்டத்தை அமெரிக்கப் பயணிகளிடம் பழகிக்கொண்டு வந்து பலேர்மோவில் நாலு விதவைகளுக்குத் தொற்றவைத்துவிட்டார். ஒருவர் சிஞ்ஞோரா எல்வீரா. பள்ளிக்கூட அதிபராக இருந்து இளைப்பாறியவர். கண்ணாடிக்கு மேலால் பார்த்தாரென்றால் ஐம்பத்துநாலு வயதுக் கிறிகோரிக்கும் வீட்டுப்பாடம் செய்யாத நினைவு வரும். இன்னும் இருவர் இரட்டையர், பீனா, லீனா. ஐந்தாமவர் மிலானிலுள்ள மகளோடு போய்விட்டதால்தான் இப்போது கதிரை காலி.

நினெத்தா ஆட்டத்தை விளக்கினார். ஆட்டம் தொடங்க முன் முறைவைத்து இருவர் ஒன்றும் இரண்டுமாகக் கட்டாயம் வைத்துவிட வேண்டும். ஆளுக்கு நாலு சீட்டு. அதைப் பார்த்ததும் ஒரு சுற்றுப் பந்தயம். பிறகு மேசை நடுவில் மூன்று சீட்டை ஒன்றாகத் திறப்பார்கள், மறுபடி பந்தயம். பிறகு ஒரு சீட்டு, கடைசியாக இன்னொன்று. கையிலிருந்து சரியாக இரண்டும் நடுவிலிருந்து மூன்றும் சேர்த்து ஐந்தாக்க வேண்டும். நடுவில் சேர்ந்ததில் பாதி ஆகப் பெரிய கைக்கு, மற்றப் பாதி ஆகச் சின்னக் கைக்கு. சின்னக் கை என்றால் எட்டுக்கு மேற்படாத ஐந்து வெவ்வேறு இலக்கம். ஆஸ் இரண்டு பக்கமும் செல்லும். உயர்த்துவதற்கு அளவு வகுத்திருந்தது. முதலில் இரண்டிரண்டாக, கடைசி இரண்டு சுற்றில் நாலுநாலாக. உள்ளதையெல்லாம் தூக்கி வைத்து ஒருவரை ஒருவர் வெருட்ட முடியாது.

"இரண்டிரண்டு என்றால் என்ன? யூரோவா?" என்று கேட்டான் கிறிகோரி.

"கடவுளே, இல்லை. கடலை" என்றார் நினெத்தா.

ஆளுக்கு அறுபது வறுத்த கடலை. தெருவில் பொட்டலம் கட்டி விற்கிற அதே கடலைதான். மாலை ஆறு மணிக்கு யாரிடம் ஆகக் குறையக் கடலை இருக்கிறதோ, அவர் ஆகக் கூட வைத்திருப்பவருக்கு ஒரு உதவி செய்ய வேண்டும். என்ன உதவி என்பதை வென்றவர் சொல்வார். அடுத்த புதன்கிழமை ஆட்டத்துக்கு முன் அதைச் செய்து முடித்துவிட வேண்டும். சின்னக் கைக்கு ஆகச் சிறந்த தொடக்கம் ஆஸும் இரண்டும் என்பது கிறிகோரிக்கு உடனே விளங்கிவிட்டது. அதற்கு மேல் விளங்க என்ன இருக்கிறது என்று சட்டைக் கையை மடித்துவிட்டான்.

நாலாவது ஆட்டத்திலேயே ஆஸும் இரண்டும் வந்தன. முதலில் பேச வேண்டியவனும் அவன்தான்.

"ரிலாஞ்சோ!" என்று அவன் போட்ட சத்தத்தில் குசினியில் நின்ற புனிதமலரின் கையிலிருந்த கரண்டி விழுந்தது. உயர்த்துகிறேன் என்பதற்கு இத்தாலியில் அதுதான் சொல்.

பீனாவும் லீனாவும் சீட்டைக் கவிழ்த்தார்கள். எல்வீராவும் நினெத்தாவும் நின்றார்கள். கடைசியில் நினெத்தாவின் மூன்று ராசாக்கள் பெரிய பாதியைக் கொண்டுபோயின. சின்னப் பாதிக்கு எல்வீராவும் ஒரு ஆஸையும் இரண்டையும் காட்டினார். ஆகவே அந்தப் பாதியை இருவரும் பிரித்துக்கொண்டார்கள்.

"என்ன துணிவு!" என்றார் எல்வீரா.

"ஆம்பிளை விளையாடினால் அந்த விளையாட்டே வேறு" என்றார் பீனா, தன் பந்தயக் கடலையில் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு.

கிறிகோரி தலையை மெல்ல அசைத்துப் பாராட்டை ஏற்றுக்கொண்டான். அன்று பின்னேரம் முழுவதும் அவன் ஏதாவது அள்ளிக்கொண்டேதான் இருந்தான். சில வேளை அவன் உயர்த்தியதும் எல்லாரும் ஓடிவிட, கட்டாயமாக வைத்த மூன்று கடலை அவனுக்குக் கிடைத்தது. சில வேளை கால் பங்கு. அள்ள அள்ள அவன் முன்னாலிருந்த குவியல் மட்டும் சிறுத்துக்கொண்டே போனது. ஆறு மணிக்கு எண்ணியபோது அவனிடம் பதினொன்று. தின்றுகொண்டே விளையாடிய பீனாவிடம் கூட இருபது இருந்தது.

வென்றவர் எல்வீரா. அவர் வீட்டு விருந்தறையில் ஒரு கண்ணாடிச் சரவிளக்கு. அறுபத்துநாலு தொங்கட்டான். கிறிகோரி வியாழன் பின்னேரம் ஏணியில் ஏறி ஒவ்வொன்றையும் கழற்றி, வினாகிரித் தண்ணீரில் கழுவித் துடைத்துத் திரும்ப மாட்டினான்.

"முதல் நாள்தானே. சீட்டு ஓடேல்லை" என்று ஜோக்கிமுக்குச் சொன்னான்.

இரண்டாம் புதனும் சீட்டு ஓடவில்லை. இரட்டையரின் கிழட்டு நாயை மூன்று மாடி தூக்கி இறக்கிக் குளிப்பாட்டி மூன்று மாடி தூக்கி ஏற்றினான். மூன்றாம் புதன் நினெத்தா வென்றார். படுக்கையறையில் இருந்த வால்நட் மர அலுமாரியை நடைக்கூடத்துக்கு நகர்த்த வேண்டியிருந்தது. அந்த அலுமாரி யாரோ ஒரு பிரபுவின் வீட்டிலிருந்து வந்தது என்று நினெத்தா சொன்னார். பாரத்தைப் பார்த்தால் பிரபுவும் உள்ளேதான் இருந்தார் போலிருந்தது. நாலாம் புதன் எல்வீராவின் புத்தக அடுக்குகள். நாற்பது வருடத் தூசி.

வீட்டில் மகள் மொனிகா ஒருநாள் அவன் தும்முவதைப் பார்த்துவிட்டு, "பப்பா, அந்தக் கிழவியள் உங்களை ஃப்ரேகாரே பண்ணுதுகள், பாஸ்தா, போகாதேங்கோ" என்றாள். ஏமாற்றுகிறார்களாம், இனிப் போதுமாம்.

"உனக்கென்ன தெரியும்? நான் ரிலாஞ்சோ எண்டால் ரெண்டு பேர் உடனை விழுந்துபோகினம். அவ்வளவு பயம்" என்றான் கிறிகோரி.

புனிதமலர் கீரையை நறுக்கிக்கொண்டிருந்தாள். "அவை விழவேண்டியவையோ எண்டு யோசிச்சியளோ?" என்றாள்.

"நீ கோப்பி குடுக்கப் போறனி. சீட்டைப் பற்றி என்னோடை கதையாதை."

கீரைதான் கொஞ்சம் பொடியாகவே நறுக்கப்பட்டது.

ஐந்தாம் வாரம் இரட்டையருக்குக் குசினி அலுமாரியின் கழன்ற கதவைத் திரும்பப் பூட்ட வேண்டியிருந்தது. சனிக்கிழமை பின்னேரம் கிறிகோரி திருகாணியை வாயில் வைத்துக்கொண்டு நின்றபோது, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் எலுமிச்சம்பழக் காந்தம் ஒன்றின் கீழ் ஒரு தாள் தெரிந்தது. தலைப்பில் பெரிய எழுத்தில் தன் பெயரைக் கண்டு கிட்டப் போனான். கிரெகோரியோ என்று எழுதி, கீழே பதினொரு வேலைகள் இருந்தன. இன்றைய கதவையும் சேர்த்து ஐந்துக்கு முன்னால் சரி போட்டிருந்தது. மிச்சம் ஆறுக்கும் திகதி வைத்திருந்தார்கள். எல்வீராவின் பலகணிக் கம்பிக்குப் பெயின்ட் அடிப்பது, நினெத்தாவின் அலுமாரியைத் திரும்பப் படுக்கையறைக்குக் கொண்டுபோவது என்று போய், பாஸ்குவாவுக்கு, அதாவது உயிர்த்த ஞாயிறுக்கு, முதல் புதன்கிழமை இரட்டையரின் நாய்க்கு மறுபடி குளிப்பாட்டல்.

கிறிகோரி வாயிலிருந்த திருகாணியைக் கையில் எடுத்தான். பாஸ்குவா வரைக்கும் தான் தோற்பதாக நாலு பேர் கூடி முடிவு செய்திருக்கிறார்கள். அவனுக்குக் காது இரண்டும் சுட்டது. ஆனாலும் தோற்றவன் தோற்றவன்தான். கதவை ஒழுங்காகப் பூட்டி, திறந்து மூடிப் பார்த்துவிட்டுத்தான் வெளியேறினான்.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றாமலே கேட்டான். "உனக்கு இது தெரியுமே?"

"எது?"

"என்னை வைச்சு அட்டவணை போட்டிருக்கினம்."

"ஓம்" என்றாள் புனிதமலர். "நினெத்தா வீட்டு ஃபிரிட்ஜிலையும் ஒண்டு கிடக்கு."

"ஏன் உதை எனக்குச் சொல்லேல்லை?"

"மூண்டு தரம் சொல்ல வந்தனான். கோப்பி குடுக்கிறவள் சீட்டைப் பற்றிக் கதைக்கக் கூடாது எண்டு சொன்னியள்."

கிறிகோரி கதிரையில் உட்கார்ந்தான். மனிசி தன்னைப் பார்த்துச் சிரிக்கிறாளா என்று பார்த்தான். சிரிக்கவில்லை. அது இன்னும் கவலையாக இருந்தது.

"அப்ப நான் என்ன பிழை விடுறன்? ஆஸும் ரெண்டும்தானே ஆகத் திறம்?"

"திறம்தான். ஆனா முதல் ஆளா இருந்துகொண்டு ரிலாஞ்சோ எண்டு கத்துறியள். பீனாவும் லீனாவும் என்னத்தையாவது வைச்சு வரக்கூடிய ஆக்கள். அவைதான் கடலை போடுற ஆக்கள். நீங்கள் கத்தின உடனை அவை ஓடிடுவினம். மிச்சம் நிக்கிறது ஆர்? எல்வீரா. அவ எப்ப நிப்பா? தனக்கும் ஆஸும் ரெண்டும் இருந்தால்தான் நிப்பா."

"அதுக்கு?"

புனிதமலர் டப்பாவிலிருந்து பருப்பை அள்ளி மேசையில் மூன்று கும்பியாக வைத்தாள். "மூண்டு பேர் பத்துப் பத்துப் போட்டால் முப்பது. அதிலை பாதி பெரிய கைக்குப் போட்டுது. பதினைஞ்சு மிச்சம். அதை நீங்களும் எல்வீராவும் பிரிச்சால் ஏழரை. பத்துப் போட்டு ஏழரை எடுக்கிறியள். எடுத்துப்போட்டு வென்ற மாதிரி எங்களைத் திரும்பிப் பாக்கிறியள்."

கிறிகோரி பருப்பைப் பார்த்தான். ஒரு தடவை விரலால் எண்ணியும் பார்த்தான்.

"அப்ப ரிலாஞ்சோ சொல்லவே கூடாதோ?"

"சொல்லலாம். எப்ப எண்டுதான் கேள்வி. அந்த மூண்டு சீட்டு நடுவிலை விழ முன்னம் சொல்லுறதெண்டால், கையிலை ரெண்டு பக்கமும் போகக்கூடிய சீட்டு இருக்கவேணும். ஆஸும் ரெண்டும் மட்டும் காணாது. அதோடை ஒரு மூண்டு, இல்லாட்டி ஆஸின்ரை இனத்திலை ஒரு ராசா. பிறகு, மற்றவை எல்லாம் கடலை போட்டு உள்ளை வந்தாப் பிறகு சொல்லவேணும். போட்டவை விட்டிட்டுப் போகமாட்டினம். கையிலை வெறும் ஆஸும் ரெண்டும்தான் எண்டால் சத்தமில்லாமல் உள்ளை வாங்கோ. ஆக்களையும் வர விடுங்கோ."

"இதெல்லாம் உனக்கு ஆர் சொன்னது?"

"ஏழு வருசமா அவையின்ரை முதுகுக்குப் பின்னாலை தட்டத்தோடை நிக்கிறன். நாலு பேற்றை சீட்டும் தெரியும். என்னை ஆரும் பாக்கிறேல்லை."

அன்றிரவு கிறிகோரி திரும்பித் திரும்பிப் படுத்தான். அவள் சொன்னது முழுவதும் சரி என்பதுதான் அவனைத் தூங்கவிடவில்லை.

அடுத்த புதன்கிழமை வாயை இறுக்கிக்கொண்டு விளையாடினான். வேதோ, வேதோ என்று மெல்லிய குரலில் கூடவே வந்தான். பார்க்கிறேன், உயர்த்தவில்லை என்று அர்த்தம். கிழவிகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஐந்து மணி வரைக்கும் அவனிடம் ஐம்பத்தெட்டுக் கடலை இருந்தது. அப்போதுதான் எல்வீரா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"கிரெகோரியோவுக்கு இன்று சுகமில்லைப் போல. பழைய துணிவைக் காணோம்."

அடுத்த ஆட்டத்தில் அவனுக்கு ஆஸும் இரண்டும் வந்தன. கூடவே ஒரு ஒன்பதும் யக் என்கிற ஒரு படச் சீட்டும், ஒன்றுக்கொன்று உறவில்லாத இனங்கள். முதலில் பேசுபவனும் அவன்தான். குசினி வாசலில் நின்று புனிதமலர் மெல்லத் தலையை ஆட்டினாள், வேண்டாமென்று. கிறிகோரி வேதோ சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

"ரிலாஞ்சோ!"

ஆறு மணிக்கு அவனிடம் ஒன்பது கடலை. நினெத்தா வென்றார். அலுமாரி திரும்பப் படுக்கையறைக்குப் போக வேண்டும்.

அடுத்த புதன் இரண்டரை மணிக்கே வந்து அலுமாரியைத் தள்ளத் தொடங்கினான். வாசல்படிவரை அது வந்தது. அங்கே ஒரு சின்ன மேடு. கிறிகோரி குனிந்து, அடியில் கையைக் கொடுத்து, மாதாவே என்று தூக்கினான். அலுமாரி உள்ளே போனது. அவன் முதுகு வெளியே நின்றுவிட்டது. குனிந்தபடியே, நிமிரவும் முடியாமல் இருக்கவும் முடியாமல், எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவன்போல நின்றான்.

"மலர்" என்றான். "மலர், கொஞ்சம் வா. கெதியா வரவேண்டாம். ஆனா வா."

இரட்டையர் இரண்டு கையையும் பிடிக்க, புனிதமலர் காலைத் தூக்க, அவனை விருந்தறைச் சோபாவில் கிடத்தினார்கள். நினெத்தா சுடுதண்ணீர்ப் பை கொடுத்தார். பிறகு நாலு பேரும் மேசையைப் பார்த்தார்கள். மணி மூன்று.

"நாலு பேரோடு இது ஆட்டமில்லை" என்றார் எல்வீரா. "மாலா, நீ உட்கார்." புனிதமலர் அவர்கள் வாயில் மாலாவாகி ஏழு வருடம்.

"எனக்கு வேலை கிடக்கு சிஞ்ஞோரா."

"இன்றைக்கு இதுதான் வேலை" என்றார் நினெத்தா.

புனிதமலர் கையைத் துடைத்து, ஏப்ரனைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுக் கிறிகோரியின் கதிரையில் உட்கார்ந்தாள். சோபா அவளுக்குப் பின்பக்கம் இருந்தது. தலையைக் கொஞ்சம் திருப்பினால் அவள் கையிலுள்ள சீட்டுகள் கிறிகோரிக்குத் தெரிந்தன. அதுதான் வினையானது.

இரண்டாவது ஆட்டத்தில் அவளுக்கு ஆஸும் இரண்டும் வந்தன. "வேதோ" என்றாள். சோபாவிலிருந்து ஒரு முனகல் வந்தது. லீனா ஓடிப்போய்த் தலையணையைச் சரிசெய்தார். நடுவில் திறந்த மூன்றும் படச் சீட்டுகள். புனிதமலர் ஒரு கடலையும் மேற்கொண்டு போடாமல் சீட்டைக் கவிழ்த்தாள். ஆஸையும் இரண்டையும் ஒருத்தி இப்படித் தூக்கி எறிவதைக் கண்டு கிறிகோரி இன்னும் பெரிதாக முனகினான்.

கொஞ்ச நேரத்தில் மறுபடி ஆஸும் இரண்டும் வந்தன. மறுபடி வேதோ. மறுபடி முனகல். இந்த முறை எல்வீரா கண்ணாடிக்கு மேலால் சோபாவைப் பார்த்தார். பிறகு தன் சீட்டைக் கவிழ்த்தார்.

"சுவாரசியமான முதுகு" என்றார். "மாலாவுக்கு ஆஸ் வரும்போது மட்டும்தான் நோகிறது."

நினெத்தா வாய்விட்டுச் சிரித்தார். புனிதமலர் எழும்பி, கதிரையைத் தூக்கி மேசையின் மற்றப் பக்கத்தில் போட்டு, புருசனைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். இனி அவனுக்குத் தெரிந்தது அவள் முகம் மட்டும்தான். இருபத்தாறு வருடமாகப் பார்க்கிற முகம். அதில் என்ன சீட்டு இருக்கிறதென்று அவனால் ஒருமுறைகூடச் சொல்ல முடியவில்லை.

ஆறு மணிக்குக் கால் மணி நேரம் இருந்தது. அவளிடமும் எல்வீராவிடமும் கிட்டத்தட்ட ஒரே அளவு கடலை, முப்பத்தைந்து சொச்சம். அந்த ஆட்டத்தில் கட்டாயக் கடலை இரண்டை வைத்தவள் புனிதமலர், ஆகவே முதல் சுற்றில் கடைசியாகப் பேச வேண்டியவளும் அவள்தான். எல்வீரா வேதோ என்றார். நினெத்தாவும் வேதோ. பீனா தின்றுகொண்டிருந்த கடலையை வாயிலிருந்து எடுக்காமலே வேதோ. லீனாவும் வந்தார். எல்லாரும் உள்ளே.

புனிதமலர் தன் சீட்டை இரண்டாம் முறை பார்க்கவில்லை.

"ரிலாஞ்சோ" என்றாள். சீனி வேண்டுமா என்று கேட்கிற குரலில்.

அந்தப் பின்னேரம் முழுவதும் அவள் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. எல்வீரா அவளை நீண்ட நேரம் பார்த்தார். ஆனால் ஏற்கனவே போட்டாயிற்று, இன்னும் இரண்டே இரண்டு கடலை, நடுவிலோ ஒரு பெரிய கும்பி. நாலு பேரும் போட்டார்கள்.

திறந்த மூன்று சீட்டு: ஆட்டினில், அதாவது சிவப்பு இதயம் போட்ட இனத்தில், ஏழும் நாலும், பிறகு இஸ்பேட் யக். புனிதமலர் கடலை வைத்தாள். எல்வீரா உயர்த்தினார். எல்வீராவிடமும் ஆஸும் இரண்டும் இருப்பது சோபாவில் கிடந்த கிறிகோரிக்கே விளங்கிவிட்டது. ஐயோ, மறுபடி கால் பங்கு என்று அவன் கண்ணை மூடினான்.

நாலாவது சீட்டு ஒரு இரண்டு.

எல்வீராவின் உதடு ஒரு பக்கமாக ஒடுங்கியது. நடுவிலேயே இரண்டு விழுந்துவிட்டால் கையிலுள்ள இரண்டுக்கு வேலையில்லை. புனிதமலர் நாலு கடலை வைத்தாள். யாரும் போகவில்லை. ஐந்தாவது சீட்டு ஆட்டின் பத்து. லீனா சந்தோசத்தில் கதிரையிலிருந்து அரை அங்குலம் எழும்பினார். அவரிடம் ஆட்டின் ராணியும் இன்னொரு ஆட்டின் சீட்டும் இருந்தன. புனிதமலர் மறுபடி நாலு வைத்தாள். லீனா உயர்த்தினார். புனிதமலரும் உயர்த்தினாள். மற்றவர்களும் விடாமல் போட்டார்கள்.

பிறகு தன் சீட்டுகளைத் திருப்பினாள். ஆட்டின் ஆஸ், ஆட்டின் ராசா, ஒரு இரண்டு, ஒரு மூன்று.

ஆஸும் ராசாவும் நடுவிலுள்ள மூன்றும் சேர்ந்து ஐந்தும் ஆட்டின், அதுவும் ஆஸோடு, ஆகவே பெரிய பாதி அவளுக்கு. சின்னதற்கு எல்வீராவின் இரண்டு செத்துவிட்டது. இவளுக்கு மூன்று உயிரோடிருந்தது. ஆகவே அந்தப் பாதியும் அவளுக்கு. ஒரு கடலைகூடப் பிரிக்கத் தேவையிருக்கவில்லை.

"முழுவதும்!" என்று கத்தினான் கிறிகோரி. கத்திய வேகத்தில் எழும்பி உட்கார்ந்தே விட்டான். உட்கார்ந்த பிறகுதான் முதுகு ஞாபகம் வந்தது. அம்மா என்று மறுபடி சாய்ந்தான்.

ஆறு மணிக்கு எண்ணினார்கள். புனிதமலரிடம் நூற்றுமுப்பத்திரண்டு. ஆகக் குறைய எல்வீராவிடம், பதின்மூன்று. அந்த மேசையில் அது முதல் தடவை. பீனா எழுந்து போய் எல்வீராவின் கும்பியைத் தானும் ஒருமுறை எண்ணிப் பார்த்தார், பிழை இருக்குமோ என்று.

"சொல், மாலா" என்றார் எல்வீரா, நிமிர்ந்து உட்கார்ந்து. "என்ன செய்ய வேண்டும்?"

"அலுமாரி! அலுமாரியைத் தள்ளச் சொல்லு!" என்று சோபாவிலிருந்து தமிழில் குரல் வந்தது.

புனிதமலர் அதைக் காதில் வாங்கவில்லை. "இவரை வீட்டை கொண்டுபோக வேணும் சிஞ்ஞோரா. பஸ்ஸிலை ஏத்த ஏலாது. உங்களிட்டைக் கார் இருக்கெல்லே" என்று இத்தாலிய மொழியில் சொன்னாள்.

நினெத்தா சிலுவை போட்டுக்கொண்டார். எல்வீராவிடம் ஒரு பழைய வெள்ளைக் கார் இருந்தது உண்மை. வருடத்தில் ஒரு நாள், இறந்தோர் தினத்தில், புருசனின் கல்லறைக்குப் போக மட்டும் அதை வெளியே எடுப்பார்.

கிறிகோரி நாலு மாடியையும் ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினான். முன்னிருக்கையைப் படுக்கையாகச் சாய்த்து அவனைக் கிடத்தினார்கள். புனிதமலர் பின்னால். எல்வீரா கையுறை போட்டு, கண்ணாடியைச் சரிசெய்து, பள்ளி மணி அடிப்பதுபோல ஹோர்னை ஒருமுறை அழுத்திவிட்டுப் புறப்பட்டார். வழி முழுக்க முதலாவது கியர். பின்னால் பலேர்மோ முழுவதும் ஹோர்ன் அடித்தது. எல்வீரா எதற்கும் திரும்பவில்லை.

"சிஞ்ஞோரா" என்றான் கிறிகோரி, வானத்தைப் பார்த்தபடி. அவனுக்கு வேறெதுவும் தெரியவில்லை. "உங்களிடமும் ஆஸும் இரண்டும் இருந்ததே. முதலிலேயே ஏன் உயர்த்தவில்லை?"

"இன்னொருவரிடமும் அது இருக்கலாம் என்பதால்."

"எனக்கு இருக்கும்போது இன்னொருவரிடமும் இருக்கும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை."

"தெரியும்" என்றார் எல்வீரா அன்போடு. "அதனால்தான் உங்களை எங்கள் எல்லாருக்கும் பிடிக்கும்."

கபோவுக்குள் திரும்பும் ஒழுங்கையில், எதிரே கூனைப்பூ என்கிற காய்கறி ஏற்றிய மூன்று சக்கர வண்டி ஒன்று வந்து நின்றது. இரண்டுக்கும் இடமில்லை. வண்டிக்காரன் கையை ஆட்டிப் பின்னால் போகச் சொன்னான். எல்வீராவும் கையை ஆட்டினார். இரண்டு பக்கக் கடைக்காரர்களும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள்.

"சிஞ்ஞோரா, பாஸோ" என்றாள் புனிதமலர் மெல்ல. விட்டுக்கொடுக்கும்போது மேசையில் சொல்கிற சொல்.

எல்வீரா கண்ணாடிக்கு மேலால் வண்டிக்காரனைப் பார்த்தார். அவனுக்கு முப்பது வயதிருக்கும். அந்தப் பார்வை பட்டதும் அவன் கை தானாகக் கீழே இறங்கியது. மெல்ல வண்டியைப் பின்னுக்கு எடுத்தான். நாலைந்து கூனைப்பூ தெருவில் உருண்டன.

"என்னிடம் படித்தவன்" என்றார் எல்வீரா. "அப்போதும் இப்படித்தான். எப்போது வரக்கூடாதோ அப்போது வருவான்."

வீட்டுக்குக் கீழேயிருந்த மீன் கடைக்கு முன்னால் கார் நின்றபோது, கிறிகோரியோடு வேலை செய்யும் பையன்கள் ஓடிவந்து கதவைத் திறந்தார்கள். படுத்த நிலையில் வந்திறங்கும் கிறிகோரியையும் ஓட்டிவந்த கிழவியையும் மாறிமாறிப் பார்த்தார்கள். ஒருவன் தோளைப் பிடிக்க, மற்றவன் இடுப்பைப் பிடிக்க, பெரிய சூரை மீனை இறக்குவதுபோல அவனை இறக்கினார்கள்.

எல்வீரா சாளரத்தைக் கீழே இறக்கினார். "அடுத்த புதன் மூன்று மணிக்கு, கிரெகோரியோ. பலகணிக்கு நல்ல பச்சைப் பெயின்ட் பார்த்து வைத்திருக்கிறேன்."

கிறிகோரி இரண்டு பேர் தோளில் தொங்கியபடி மனைவியைப் பார்த்தான். அவள் அவனுடைய சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். சீட்டு மேசையில் வைத்திருந்த அதே முகம்.

"இனி அவ விளையாடுவா சிஞ்ஞோரா" என்றான். "நான் கோப்பி போடுறன்."

எல்வீரா கொஞ்சம் யோசித்தார். அவருக்குப் பலகணியும் வேண்டும், நல்ல கோப்பியும் வேண்டும். இரண்டும் கைவிட்டுப் போவது அவருக்கே தெரிந்தது.

"உங்களுக்குக் கோப்பி போடத் தெரியுமா?"

"ஓ, அதிலென்ன" என்றான் கிறிகோரி. "கண்ணை மூடிக்கொண்டு போடுவேன்."

பின்னால் நின்ற புனிதமலர்தான் முதலில் சிரித்தாள். சப்பாத்தைக் கீழே வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மீன் பெட்டியில் சாய்ந்து சிரித்தாள். கிறிகோரிக்கு முதலில் ரோசம் வந்தது. பிறகு அவனுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்தால் முதுகு நொந்தது. நோக நோகச் சிரித்தான்.